லாத்தா வைத்த புள்ளிகள்

"பெட்ரோல் பங்க் கக்கூசுல தாப்பா போட்டுட்டாங்க, இனிமே எல்லாரும் தைரியமா போங்க" என்று ஓடுகிற பேருந்தில் ஒரு பெண் எழுந்து நின்று அறிவித்தபோது, எனக்கு ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்று இருந்தது. அவர் என் பக்கத்து இருக்கைக்காரர். போதாக்குறைக்கு உட்கார்ந்ததும் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "கேட்டுச்சா புள்ள?" என்று வேறு உறுதிப்படுத்திக்கொண்டார். முன் இருக்கைகளில் இருந்த ஆண்கள் எல்லோரும் திடீரென்று வெளியே ஓடிய வெங்காயக் காட்டை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்கள்.

அவர்தான் லாத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள். கண்டக்டர் ஒருநாள் கூப்பிட ஆரம்பித்து, பிறகு பேருந்தே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. பிறந்த ஊர் லப்பைக்குடிக்காடு. வாழ்ந்தது பெரம்பலூரில். வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் வேலையாக இருந்தார். லாத்தா ஒரு தையல் மெஷின் கம்பெனியில் வேலை பார்த்தார். யார் மெஷின் வாங்கினாலும் அந்த வீட்டுக்கே போய், நூல் கோர்த்து, பாபின் சுற்றி, ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒருநாள் கீழப்பழுவூர் என்றால் மறுநாள் மீன்சுருட்டி. எங்கே போவதானாலும் காலையில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் எங்கள் பேருந்தில்தான் ஏறுவார். நான் அரியலூரில் ஒரு தனியார் லேபில் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கிற வேலையில் இருந்தேன். இன்றைக்கும் அதே வேலை, அதே பேருந்து. அவர்தான் இல்லை. கம்பெனி அவரைக் கடலூர் பக்கம் மாற்றிச் சில வருடங்கள் ஆகின்றன.

ஒரு நல்ல விஷயம் தெரிந்தால் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ள அவரால் முடியாது. எந்த டாக்டர் நாம் சொல்வதை முகம் பார்த்துக் கேட்பார், எந்தக் கடையில் துண்டுத் துணி மலிவு, எந்த டீக்கடையில் பாலில் தண்ணீர் குறைவு என்று எல்லாவற்றையும் உரக்கச் சொல்வார். ஒருமுறை யாரோ ஒரு வீட்டில் அவருக்கு மாங்காய் ஊறுகாய் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் பேருந்து முழுக்க அதை ருசி பார்க்கக் கொடுத்து, அந்த அம்மாவின் போன் நம்பரையும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். அந்த அம்மா பாவம், வீட்டுக்கென்று ஒரு ஜாடி போட்டு வைத்தவர். ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டு ஒரு வாரம் போன் அடித்தபடி இருந்ததாம்.

"அவங்க விக்கலையே லாத்தா" என்றேன்.

"இனிமே விக்கட்டுமே. நல்லா இருக்குல்ல?" என்றார்.

இதில் தப்பு எங்கே இருக்கிறதென்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

இன்னொரு வழக்கம் அவருக்கு உண்டு. பேருந்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். இதைப் போய் ஒரு வழக்கம் என்று சொல்கிறேனே என்று ஆண்கள் நினைக்கலாம். எங்கள் பேருந்தில் வருகிற பெண்கள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். காலையில் அரை டம்ளர் காபி, பிறகு வேலை செய்யும் இடத்துக்குப் போய்த்தான் மற்றதெல்லாம். வழியில் எங்கே போவது? எங்கள் லேபுக்கு யூரின் டெஸ்டுக்கு வருகிற பெண்கள் பலரிடம் பார்த்திருக்கிறேன். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், சாம்பிள் கலங்கலாக இருக்கும், டாக்டர் கேட்டால் வேலை அதிகம் டாக்டர், தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறேன் என்பார்கள். யாரும் மறப்பதில்லை. பயந்து குடிக்காமல் இருக்கிறோம். இதைத் தினமும் பார்க்கிற நானே குடிப்பதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாத்தா மட்டும் பெரிய பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடிப்பார். "எனக்கு எடம் தெரியும். எதுக்குப் பயப்படணும்?" என்பார்.

அவருக்கு இடம் தெரிய ஆரம்பித்தது வீட்டுக்காரர் புண்ணியத்தில். தம்மாமிலிருந்து மதிய இடைவேளையில் அவர் கூப்பிடுவார். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் லாத்தா போனில் லொகேஷன் அனுப்புவார். ஒருநாள் அவர், "நீ இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்லையே, வெறும் ரோடுதான் தெரியுது" என்று சொல்லிவிட்டார். லாத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் உட்கார்ந்திருந்தது ஒரு டீக்கடை வாசலில். எதிரே உரக்கடை, பக்கத்தில் சைக்கிள் கடை, அதற்கப்பால் ஒரு மண்டபம். இத்தனையும் இருக்க ஒன்றுமே இல்லையென்று மேப் எப்படிச் சொல்லலாம்? விடுபட்ட இடத்தை யார் வேண்டுமானாலும் மேப்பில் சேர்க்கலாம் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டார். முதலில் டீக்கடையை வைத்தார். பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் வைத்தார். அதற்குப் பிறகுதான், இவ்வளவு வைக்கிறோமே, நமக்கு வேண்டியதை வைத்தோமா என்று தோன்றியிருக்கிறது.

அதிலிருந்து பெண்கள் போகக்கூடிய கழிப்பறை எங்கே இருந்தாலும் அவர் மேப்பில் ஒரு புள்ளி விழும். உள்ளே போய்ப் பார்க்காமல் வைக்க மாட்டார். கீழே அவர் எழுதுகிற குறிப்பு சுவையாக இருக்கும். "தாழ்ப்பாள் உண்டு. தண்ணீர் வெளியே தொட்டியில் எடுத்துப் போகவும்." "சாவி கேட்டால் கொடுப்பார்கள். சிரித்துக்கொண்டு கேட்கவும்." ஒரு ஊரில் எப்போதும் பூட்டியே கிடந்த கழிப்பறையைப் படம் எடுத்துப் போட்டு, "பூட்டு நன்றாக இருக்கிறது. மற்றவை தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். முதலில் சொன்னேனே, அந்தப் பெட்ரோல் பங்க்கில் அவர், "கதவு உண்டு. தாழ்ப்பாள் இல்லை. தோழியுடன் செல்லவும்" என்று எழுதி வைத்திருந்தார். பங்க் முதலாளியின் மகள் அதைப் படித்துவிட்டு அப்பாவைச் சத்தம் போட்டதாகக் கேள்வி. அதன் பிறகுதான் தாழ்ப்பாள் வந்தது, அந்த அறிவிப்பும் வந்தது.

நாளாக நாளாக எங்களுக்குக் கூச்சம் போய்விட்டது. நாங்களே போனை எடுத்து, "லாத்தா, செந்துறையில எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தோம். நானும் ஒரு சின்ன பாட்டில் வாங்கினேன்.

இப்போது கைகாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தடத்தில் பாதி வழியில் உள்கிராமங்களுக்குப் பிரிகிற ஒரு முச்சந்தி. நாங்கள் கைகாட்டி என்று மட்டும் சொல்வோம். சுற்றியுள்ள கிராமத்துப் பெண்கள் அங்கே வந்து இறங்கி அடுத்த பேருந்துக்கு வெகுநேரம் நிற்பார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் அங்கே நிற்பவர்கள் தலையெல்லாம் வெளுத்திருக்கும். கழிப்பறை கிடையாது. மக்காச்சோளம் ஆளுயரம் நிற்கிற மாதங்களில் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். அறுத்துவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி.

அந்தக் கைகாட்டியில் லாத்தாவிடம் மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்ட வீடுகள் ஐந்து இருந்தன. மாவு மில் நடத்துகிற அம்மா, டியூஷன் எடுக்கிற பெண், கோழிப்பண்ணைக்காரர் மனைவி, ஜாக்கெட் தைக்கிற அக்கா தங்கை இருவர் தனித்தனி வீடுகளில். மெஷின் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர்கள் வீட்டுக் கழிப்பறைக்குப் போய்வந்த லாத்தா, ஒருநாள் கேட்டிருக்கிறார். "நான் மட்டும் போறேனே, ரோட்டுல நிக்கற பொம்பளைங்களும் வந்துட்டுப் போகட்டுமா?" அவர்கள் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். அன்று மாலையே மேப்பில் ஐந்து புள்ளிகள் விழுந்தன. பெண்கள் கழிப்பறை, மாவு மில் பின்புறம். பெண்கள் கழிப்பறை, டியூஷன் வீடு. இப்படி ஐந்து. ஊறுகாய் விஷயத்தில் செய்ததைத்தான் இதிலும் செய்தார்.

பெண்கள் வந்தார்கள். போனைப் பார்த்துக்கொண்டே வந்து, தயங்கி நின்று, உள்ளே போய், முகம் தெளிந்து வெளியே வந்தார்கள். பெயர் தெரியாதவர்கள் நட்சத்திரம் போட்டார்கள். "சுத்தமாக இருந்தது. நன்றி அம்மா" என்று எழுதினார்கள். மில்லுக்காரம்மாவின் மகன் அதையெல்லாம் வாசித்துக் காட்டுவானாம். யாரோ ஒருத்தி, கண்ணாடி இருந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதியதற்காக அந்த அம்மா அரியலூர் போய்க் கண்ணாடி வாங்கி வந்து மாட்டினார். சோப்புப் பெட்டி வைத்தார். என்னிடம் ஒருமுறை அவரே சொன்னார்.

"இத்தன வருசமா மில்லு ஓட்டுறேன் கண்ணு. மாவு நல்லாருக்குன்னு ஒரு சீவன் சொன்னதில்ல. அளவு கொறையுது, கொறையுதுன்னுதான் சொல்லுவாங்க. இதுக்குப் பாரு, நாலரை நட்சத்திரம்!"

அந்தச் சமயத்தில்தான் சாலையை அகலப்படுத்தி, வழியில் பயணிகளுக்கு வசதிகள் செய்யப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. எங்கெங்கே என்ன வேண்டும் என்று பொதுமக்கள் மேப்பில் குறித்து அனுப்பலாம் என்றார்கள். லாத்தாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பேருந்தில் ஒவ்வொருவர் போனையும் வாங்கி, கைகாட்டியில் பெண்கள் கழிப்பறை வேண்டும் என்று குறிக்க வைத்தார். ஓட்டுநரையும் விடவில்லை.

"நான் எதுக்கு லாத்தா? நான் ஆம்பள."

"ஒங்க வூட்டுல பொம்பளைங்க இல்லையா? அவங்க பஸ்சுல போறதில்லையா? போடுங்க."

பிறகு ஒரு சனிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் திரை கட்டியிருந்தார்கள். திட்டத்தின் பொறுப்பிலிருந்த இஞ்சினியர் சின்ன வயதுக்காரர், யார் எதைக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொன்னார். திரையில் எங்கள் சாலை முழுவதும் தெரிந்தது. வசதி இல்லாத இடம் சிவப்பு, இருக்கிற இடம் நீலம். கைகாட்டி நீலமாக இருந்தது. சாதாரண நீலம் இல்லை, சாலையிலேயே அடர்த்தியான நீலம்.

"இந்த இடத்துக்கு நிறைய கோரிக்கை வந்திருக்கு. ஆனா ஏற்கெனவே பக்கத்துப் பக்கத்துல அஞ்சு மகளிர் கழிப்பறை இருக்கு. எல்லாத்துக்கும் நல்ல மதிப்பீடு. அதனால அடுத்த கட்டத்துல பாக்கலாம்னு வெச்சிருக்கோம்" என்றார் இஞ்சினியர்.

லாத்தா முதலில் சிரித்துவிட்டார். அவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்திருக்கிறார். பிறகு எழுந்தார்.

"சார், அது கக்கூசு இல்ல சார். அது வூடுங்க."

"மேப்ல கழிப்பறைன்னுதானே மேடம் இருக்கு?"

"நான்தாங்க போட்டேன்."

இஞ்சினியருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "மேடம், கம்ப்யூட்டருக்கு வீடு எது, பொதுக் கழிப்பறை எதுன்னு தெரியாது. நீங்க போட்டத வெச்சுத்தான் அது கணக்குப் பண்ணும். இந்த மாசக் கடைசிக்குள்ள திருத்திடுங்க. நான் மறுபடி ஓட்டிப் பாக்கறேன்" என்றார்.

திரும்பி வரும்போது லாத்தா போனில் அந்த ஐந்து புள்ளிகளையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரம்பலூர் நெருங்கும்போதுதான், "நல்லது பண்ணுறோம்னு நானே வழிய அடச்சு வெச்சுட்டேனே புள்ள" என்றார்.  அவர் தப்பாக எதையும் வைக்கவில்லை. ஐந்து வீட்டிலும் கழிப்பறை இருந்தது, திறந்துதான் இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. அதுதான் சிக்கலே.

வீட்டில் உட்கார்ந்தபடியே அந்த ஐந்தையும் அவர் அழித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கேட்டு வைத்த புள்ளியைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீடாகப் போனார். நான்கு வீட்டில் சரி என்றார்கள். கோழிப்பண்ணைக்காரர் மனைவி அப்பாடா என்றுகூடச் சொன்னாராம். மாமியார் முணுமுணுப்பு அவருக்குத்தான் தெரியும். லாத்தாவைப் பாயம்மா என்று கூப்பிடுகிற மில்லுக்காரம்மா மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். நானும் கூட இருந்தேன்.

"ஏன் பாயம்மா, நான் என்னா தப்புப் பண்ணேன்? தெனம் ரெண்டு வேளை ஊத்திக் கழுவுறேன். கண்ணாடி மாட்டியிருக்கேன். இல்லவே இல்லன்னு எப்படிப் போடுவ?"

"இல்லன்னு போடலக்கா. எடுத்துட்டா அரசாங்கம் கட்டித் தரும்."

"அது கட்டுறப்ப கட்டட்டும். அதுவரைக்கும் வர்ற புள்ளைங்க எங்க போகும்? மக்காச்சோளமும் அறுத்தாச்சு."

 உண்மையில் லாத்தாவின் மனசில் இருந்ததும் அதேதான். புள்ளி இருந்தால் கட்டடம் வராது. புள்ளியை எடுத்தால் கட்டடம் வருகிறவரை எத்தனையோ பெண்கள் வெட்டவெளியில் நிற்பார்கள். கைகாட்டி நிறுத்தத்தில் நின்று, ஒரு புள்ளியையும் எடுக்காமல், போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். மாதம் முடியப்போகிறதே என்று நான் நச்சரித்தேன். "எனக்குத் தெரியாதா? சும்மா இரேன்" என்று முதல்முறையாக என்மேல் எரிந்து விழுந்தார்.

அந்த வாரமே ஒருநாள் என் தங்கைக்கு ஒரு மெஷின் பார்க்கலாமென்று லாத்தாவோடு கைகாட்டியில் இறங்கினேன். ஜாக்கெட் தைக்கிற அக்கா வீட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். மாவு மில் பூட்டியிருந்தது. அந்த அம்மா சொந்தத்தில் ஒரு சாவுக்குப் போயிருக்கிறார். மில்லின் பக்கவாட்டுக் கதவில் ஒரு சின்னப் பெண் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. ஒரு கையில் போன், இன்னொரு கையில் ஆஸ்பத்திரி அட்டை. நாங்கள் பக்கத்தில் போவதற்குள் அவள் புடவை நனைந்துவிட்டது.

அவள் அழவில்லை. எங்களைப் பார்த்து, தான் ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி பேசினாள். "ஸ்கேனுக்குப் போறேங்க்கா. வயிறு முட்டத் தண்ணி குடிச்சுட்டு வரச் சொன்னாங்க. பஸ்சு லேட்டாயிடுச்சு. இதுல இருக்குன்னு போட்டிருந்துச்சு, அதான் நம்பி எறங்கினேன்."

ஆரம்ப மாதங்களில் ஸ்கேனுக்கு அப்படித்தான் சொல்வார்கள். நானே எங்கள் லேபுக்கு எதிரே இருக்கிற ஸ்கேன் சென்டருக்குப் போகிற எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நம்பி இறங்கினேன் என்று அவள் சொன்னபோது லாத்தாவின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் தன் கறுப்பு புர்காவைக் கழற்றினார். அந்தப் பெண்ணுக்குத் தலைவழியாகப் போட்டு, பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, ஓரத்தைச் சரி செய்தார். "புள்ள, நீ கூடப் போயி ஸ்கேன் முடிச்சு அனுப்பிட்டு வா" என்று என்னிடம் சொன்னார். பேருந்தில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். வெறும் சுடிதாரோடு, தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, மெஷின் பையை மார்போடு அணைத்தபடி லாரிப் புழுதியில் நின்றுகொண்டிருந்தார். லப்பைக்குடிக்காட்டில் பிறந்த பெண் புர்கா இல்லாமல் நடுரோட்டில் நிற்பதென்றால் என்னவென்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

மறுநாள் பேருந்தில் அவர் இதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. எது நடந்தாலும் ஊரைக் கூட்டிச் சொல்கிறவர் இதை மட்டும் சொல்லவில்லை. ஆனால் மில்லுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் பார்த்திருக்கிறார். ஊரிலிருந்து திரும்பிய மில்லுக்காரம்மாவின் காதுக்கு விஷயம் போய்விட்டது. நாங்கள் பேருந்தில் இருக்கும்போதே லாத்தாவுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. அவர் போட்ட சத்தம் பக்கத்திலிருந்த எனக்கும் கேட்டது.

"எடுத்துடு பாயம்மா. எங்கூட்டுப் பேரப் பாத்துட்டு வந்து ஒரு வயித்துப்புள்ளக்காரி அப்படி நின்னுருக்கா. நான் சாவுக்குப் போவேன், சந்தைக்குப் போவேன், காய்ச்சல்ல படுப்பேன். என்னால இருவத்தி நாலு மணி நேரமும் அங்கன உக்காந்திருக்க முடியுமா? எடுத்துடு."

"எடுத்துடறேங்க்கா."

"எடுத்துட்டு வூடுன்னு போடு. வர்றவங்க வரட்டும். நான் இருந்தா தெறக்கறேன்."

லாத்தா அங்கேயே, பேருந்து ஆட ஆட, ஐந்தையும் மாற்றினார். கழிப்பறை என்றிருந்ததை வீடு என்று ஆக்கினார். மாவு மில்லின் கீழே அவர் எழுதிய குறிப்பை என் தோளைத் தொட்டுக் காட்டினார். "இது ஒரு அம்மாவின் வீடு. இருந்தால் திறப்பார். இல்லாவிட்டால் அவரைத் திட்ட வேண்டாம். அவரும் மனுஷிதான்." நட்சத்திரமெல்லாம் போய்விட்டது. நன்றி அம்மா என்று எழுதியிருந்தவையும் போய்விட்டன. அவற்றைப் படம் எடுத்து மில்லுக்காரம்மாவின் மகனுக்கு அனுப்பியிருக்கலாமே என்றேன். அதை எப்போதோ அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

இரண்டாவது கூட்டத்துக்கு லாத்தா ஐந்து வீட்டுக்காரிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மில்லுக்காரம்மா மில்லைப் பூட்டிவிட்டுப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். கோழிப்பண்ணைக்காரர் மனைவி மாமியாரிடம் எதையோ சொல்லிவிட்டு வந்திருந்தார். அதே சாப்பாட்டுக்கூடம், அதே திரை. இஞ்சினியர் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபடி சாலையை நகர்த்திக்கொண்டே வந்தார். கைகாட்டி வந்தது. செக்கச் சிவப்பாக இருந்தது. நீலம் துளிகூட இல்லை.

"திருத்தி ஓட்டிப் பாத்தோம். இந்த இடத்துல பெண்களுக்குன்னு ஒண்ணுமே இல்ல. அதனால முதல் கட்டத்துலயே கைகாட்டிய சேத்தாச்சு. உறுதியா வந்துடும்" என்றார்.

எங்கள் பேருந்துக் கூட்டம் முழுவதும் கை தட்டியது. நானும் தட்டினேன். மில்லுக்காரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லாத்தாவின் பக்கம் சாய்ந்து, "ஒண்ணுமே இல்லன்னுட்டாரே" என்று மெல்லச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

லாத்தா எழுந்துவிட்டார்.  வந்த காரியம் முடிந்துவிட்டது, இனி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும். அவர் எதையாவது சொல்லப்போய், அவர்கள் மறுபடி எதையாவது நீலமாக்கித் தொலைத்தால்? கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார்.

"சார், ஒண்ணுமே இல்லன்னு சொல்லாதீங்க."

இஞ்சினியர் பதறிவிட்டார். "மேடம், நீங்கதானே வீடுன்னு திருத்தினீங்க? மறுபடியும் இருக்குன்னு சொன்னா எல்லாம் மாறிடும்."

"மேப்புல நீங்க போட்டிருக்கறது சரிதாங்க. அத மாத்த வேணாம். கட்டிக் குடுங்க, நல்லாருப்பீங்க. ஆனா இந்த ரூமுல இருக்கறவங்க தெரிஞ்சுக்கணும்ல?" என்ற லாத்தா, தன் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "எந்திரிங்கக்கா. எல்லாரும் எந்திரிங்க."

"ச்சீ, சும்மா இரு பாயம்மா" என்று மில்லுக்காரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். டியூஷன் பெண்தான் முதலில் எழுந்தாள். பிறகு ஜாக்கெட் தைக்கிற அக்காவும் தங்கையும் எழுந்தார்கள். கோழிப்பண்ணைக்காரர் மனைவி எழுந்தார். கடைசியில் மில்லுக்காரம்மாவும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நீங்க மொதல்ல பாத்தீங்களே சார், அஞ்சு புள்ளி" என்றார் லாத்தா. "அது இவங்கதான்."

 இஞ்சினியர் மடிக்கணினியை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து நின்றார்.  கைகளை முன்னால் கட்டிக்கொண்டு அந்த ஐந்து பேரையும் பார்த்தபடி அப்படியே நின்றார்.

மில்லுக்காரம்மாவுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்கவில்லை.

"நீங்க உக்காருங்க தம்பி" என்றார்.